ஆணைக்கு அடங்கிய சொற்களும் அடங்காத சொற்களும்: ஈரானில் துருக்கியச் சொல் நீக்கம், 1921–1941

நிகழ்வு

1935இல் ஈரான் படையின் பெயர் மாறியது. அதுவரை தளபதி முதல் சமையற்காரர் வரை எல்லோரும் சொன்ன பெயர் 'கொஷூன்'. துருக்கிய, மங்கோலிய வழியாகப் பாரசீகத்துக்குள் வந்து பல நூற்றாண்டு புழங்கிய சொல் அது. அதன் இடத்தில் 'அர்தெஷ்' வந்தது. இஸ்லாத்துக்கு முந்தைய நடுக்காலப் பாரசீகத்தில் போர்வீரனைக் குறித்த 'அர்தேஷ்தார்' என்ற சொல்லிலிருந்து வடித்தது. இன்று ஈரானில் படையை யாரும் கொஷூன் என்று சொல்வதில்லை. வரலாற்று நூல்களில் அந்தச் சொல் உண்டு. படைதிரட்டிப் போவதைச் சொல்லும் 'கொஷூன்கெஷி' என்ற வழக்கில் உண்டு. அவ்வளவுதான்.

அதே ஆண்டுகளில் அந்தப் படை செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ ஆலையில் செய்த மவுசர் வகைத் துப்பாக்கிகளை வாங்கியது. அவற்றில் தோட்டாவை உள்ளே தள்ளவும் வெற்றுத் தோட்டாவை வெளியே எடுக்கவும் சிப்பாய் இழுத்துத் தள்ளும் போல்ட்டுக்குக் 'கலங்கெதன்' என்று பெயர். அசர்பைஜான் துருக்கியத்தில் 'வருவதும் போவதும்' என்று பொருள். தோளில் அணைக்கும் கட்டை 'கொந்தாக்'. பழைய துப்பாக்கிகளின் குதிரை 'சக்மாக்'. சிப்பாய் சோறு வாங்கும் தகரப் பாத்திரம் 'யக்லவி'. நான்கும் துருக்கியம், நான்கும் இன்றுவரை அப்படியே நிற்கின்றன.

அரசும் ஒன்று, முகாமும் ஒன்று. அப்படியிருக்க ஒரு சொல் போய்விட்டது, இன்னொன்று போகவில்லை. ஏன் என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது. இதில் வருபவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாத எழுத்தர்கள், ஆணைய உறுப்பினர்கள், கட்டாயப் படைச்சேவைக்கு வந்த இளைஞர்கள், கடைக்காரர்கள்.

பின்னணி: வாள் ஒரு மொழி, பேனா ஒரு மொழி

ஈரானியப் பெருநிலத்தைப் பத்தாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1925 வரை ஆண்டவர்களில் மிகப் பலர் துருக்கிய அல்லது மங்கோலிய வழியினர். கஸ்னவியர், 1040இல் தந்தனாகான் போரில் அவர்களை வென்ற செல்ஜூக்குகள், மங்கோலிய இல்கான்கள் (1256–1335), தைமூர் வழியினர், கரா கொயூன்லு, ஆக் கொயூன்லு, 1501இல் தப்ரீஸில் முடிசூடிய சஃபவியர், கடைசியாகக் கஜார்கள். படை, கூடாரம், வேட்டை, குதிரை எல்லாம் துருக்கியம் பேசியவர்கள் கையில். வரிக்கணக்கு, கடிதம், வரலாறு எல்லாம் பாரசீக எழுத்தர்கள் கையில்.

இந்தப் பங்கீடுதான் முழுக் கதையின் அச்சாணி. எழுத்தர் பாரசீக வாக்கியம்தான் எழுதினார். ஆனால் பதவியின் பெயரை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. தளபதி தன்னை எப்படி அழைத்தாரோ அப்படியே எழுதினார். பதினோராம் நூற்றாண்டிலேயே கஸ்னவி அவையின் எழுத்தரான பைஹகி 'கைல்தாஷ்' என்று எழுதுகிறார். 'கைல்' அரபு, தோழனைக் குறிக்கும் 'தாஷ்' துருக்கிய ஒட்டு. இல்கான்களின் அமைச்சர் ரஷீதுத்தீன் எழுதிய உலக வரலாற்றில் துருக்கிய, மங்கோலியச் சொற்கள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன: ஆணைக்கு 'யர்லீக்', முத்திரைக்குத் 'தம்கா', சட்டத்துக்கு 'யாசா'.

சஃபவியர் காலத்தில் அரண்மனை முழுக்கத் துருக்கியப் பதவிகள். வாயில் மேலாளர் 'ஈஷிக் ஆகாசி பாஷி', குதிரைப்படைத் தலைவர் 'கூர்ச்சி பாஷி', மாகாண ஆளுநர் 'பெக்லர்பெகி', தூதர் 'எல்ச்சி'. 1684–85இல் இஸ்ஃபஹானில் இருந்த ஜெர்மானியர் எங்கெல்பெர்ட் கெம்ஃபர், அவையில் பொதுவாகப் பேசும் மொழி துருக்கியம் என்றே குறித்து வைத்தார். அந்த வம்சத்தை நிறுவிய ஷா இஸ்மாயில் 'கத்தாயி' என்ற பெயரில் துருக்கியத்தில் கவிதை எழுதியவர். அப்படியிருந்தும் கணக்கும் ஆவணமும் பாரசீகத்தில்தான் நடந்தன.

விளைவு: பாரசீகத்தில் துருக்கியப் பெயர்ச்சொற்கள் குவிந்தன, இலக்கணம் அசையவில்லை. ஈரானியப் பாரசீகம் துருக்கிய வினையடியை எடுத்துத் தன் விகுதி போட்டு வளைத்தது மிக அரிது. பெயரை வாங்கிப் பக்கத்தில் 'கர்தன்' (செய்தல்) என்று வைத்துக்கொள்ளும். 'கோமக் கர்தன்' என்றால் உதவுதல், 'கூச் கர்தன்' என்றால் குடிபெயர்தல். கடன் வாங்கிய ஒட்டுகளில் உண்மையில் வேலை செய்தது 'ச்சி'. தொழில் செய்பவரைக் குறிக்கும் இந்த ஒட்டு, பிரெஞ்சிலிருந்து தபால் வந்ததும் 'போஸ்த்ச்சி', தொலைபேசி வந்ததும் 'தெலெஃபோன்ச்சி' என்று புதுச் சொற்களையும் பிடித்துக்கொண்டது.

1921–1934: கையிருப்பில் என்ன இருந்தது

ரேசா கான் (பின்னாளில் ரேசா ஷா) நடத்திய 1921 பிப்ரவரிக் கிளர்ச்சிக்குப் பின், ரஷ்ய அதிகாரிகள் வளர்த்த கொசாக் படையும் ஜாந்தார்ம் காவல்படையும் ஒன்றாகி ஒரே சீருடைப் படை உருவானது. அதன் அலுவலகங்களில் இருந்த பழைய தாள்களில் பதவிப் பெயர்கள் கலப்படமாக இருந்தன. பத்துப் பேருக்குத் தலைவர் 'தஹ்பாஷி', ஐம்பதுக்குப் 'பஞ்சாஹ்பாஷி', நூறுக்கு 'யூஸ்பாஷி', ஆயிரத்துக்கு 'மின்பாஷி', பெயரளவில் பத்தாயிரத்துக்கு 'அமீர் தூமான்'. முதல் இரண்டில் எண் பாரசீகம், தலைவன் துருக்கியம். அடுத்த இரண்டில் இரண்டுமே துருக்கியம். கேப்டன் நிலையில் இருந்தவருக்கு 'சுல்தான்' என்ற அரபுப் பெயர்.

காலக்கணக்கும் அப்படித்தான். வரி ஆவணங்களில் ஆண்டுக்குப் பன்னிரு விலங்குச் சுழற்சியின் துருக்கியப் பெயர்கள்: சிச்கான் ஈல் (எலி), ஊத் ஈல் (மாடு), பார்ஸ் ஈல் (புலி) என்று பன்றி வரை. நாணயக் கணக்கில் 'தொமான்'. பத்தாயிரத்தைக் குறிக்கும் 'தூமென்' என்ற படைச்சொல்தான் பத்தாயிரம் தினாருக்குப் பெயராகி நின்றது. கஜார் காலத்தில் ஒரு கிரான் ஆயிரம் தினார். பத்துக் கிரான் ஒரு தொமான்.

வீட்டுக்குள் வந்தால் சொற்கள் இன்னும் நெருக்கம். அறை 'ஒதாக்', அடுப்பு 'ஒஜாக்', தட்டு 'பொஷ்காப்', கரண்டி 'காஷொக்', கத்தரிக்கோல் 'கெய்ச்சி', பொத்தான் 'தொக்மே', ஊக்கு 'சஞ்சாக்', மெதுவாக என்பதற்கு 'யவாஷ்'. சகலைக்குப் 'பாஜெனாக்'. ஈரானியர் தேசிய உணவாகக் கொண்டாடும் 'கொர்மே சப்ஸி'யின் முதற்பாதி, வறுத்ததைக் குறிக்கும் துருக்கிய 'கவுர்மா'. நம் ஊர்க் குருமாவும் அதே வேரில் வந்ததுதான். சக்கிமுக்கிக் கல் என்பதில் இருப்பதும் துப்பாக்கிக் குதிரையைக் குறிக்கும் அந்தச் சக்மாக். 'உருது' என்ற மொழிப்பெயர், முகாமைக் குறிக்கும் 'ஓர்து'. பாரசீகமும் இந்துஸ்தானியும் கைமாற்றிக் கொடுத்தவை இவை.

எது துருக்கியம் என்று எப்படிக் கண்டார்கள்

நீக்க வேண்டுமென்றால் முதலில் அடையாளம் தெரிய வேண்டும். அங்கேதான் சிக்கல். பாரசீக எழுத்தில் துருக்கியச் சொற்கள் அரபு வேடம் போட்டு நின்றன. பாரசீகத்தில் த ஒலிக்கு இரண்டு எழுத்து உண்டு: சாதாரண 'தே', பிடிவைத்த 'தா'. இரண்டாவது அரபுச் சொற்களுக்கு உரியது. ஆனால் பின்னுயிரோடு (ஆ, ஒ போன்றவை) வரும் துருக்கிய த ஒலிக்கும் எழுத்தர்கள் இதையே போட்டார்கள். 'ஒதாக்', சதுப்புநிலத்தைக் குறிக்கும் 'பாத்லாக்' இரண்டும் பல காலம் பிடிவைத்த தாவோடுதான் அச்சாயின. பார்ப்பவருக்கு அரபு என்றே தோன்றும். இவற்றுக்குச் சாதாரண தே போட வேண்டும் என்ற வழக்கு பின்னால்தான் நிலைத்தது.

இப்படிப்பட்ட சொல்லைச் சோதிக்கும் வழி ஒன்று உண்டு. முதலில் அரபு மூவெழுத்து வேர் கிடைக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் முடிவைப் பார்ப்பது: 'ஆக்', 'லாக்', 'மே', 'ச்சி', 'பாஷி' போன்றவை துருக்கியத்துக்குக் குறி. யெய்லாக் (கோடை மேய்ச்சல் நிலம்), கெஷ்லாக் (குளிர்கால மேய்ச்சல் நிலம்), தோல்மே (உள்ளே அடைத்துச் சமைத்தது), சாச்மே (சிதறு குண்டு) எல்லாம் இந்த வலையில் விழும். மூன்றாவதாக, 1070களில் பாக்தாதில் மஹ்மூத் காஷ்கரி தொகுத்த துருக்கியச் சொற்கோவையிலோ அதற்கு முந்தைய கல்வெட்டுகளிலோ அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்ப்பது. கடைசியாக, துருக்கிய ஆட்சிக்கு முந்தைய பாரசீக நூல்களில் அது வருகிறதா என்று தேடுவது. வந்தால் கடன் எதிர்த்திசையில் போயிருக்கலாம்.

இந்தப் படிகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் தவறு நிச்சயம். 'காயெம்' என்ற சொல்லில் 'கா' இருப்பதால் துருக்கியம் என்று எண்ணத் தோன்றும்; அது அரபு. துப்பாக்கியைக் குறிக்கும் 'தொஃபங்' துருக்கியம் போலத் தோன்றும்; ஊதுகுழலைக் குறித்த பழைய பாரசீகச் சொல்லோடு அதற்கு உறவு உண்டு என்போர் பலர். வேலைக்காரரைக் குறிக்கும் 'நோகர்' துருக்கியம் அல்ல, மங்கோலியம். துருக்கியம் வேறு, மங்கோலியம் வேறு என்று முழுக்கப் பிரித்துக் காட்டும் பெரும் தொகுப்பை ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் டோர்ஃபர் 1963 முதல் 1975 வரை நான்கு தொகுதிகளில் கொண்டுவந்தார். 1930களின் ஆணையங்களுக்கு அப்படி ஒரு கருவி கிடைக்கவில்லை. கையிலிருந்த அகராதிகளையும் சொந்தக் காதையும் நம்பினார்கள்.

முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு 1925இல், சட்டத்தின் வழியாக. மார்ச் 31ஆம் தேதி நிறைவேறிய நாட்காட்டிச் சட்டம் மாதங்களுக்குப் பழைய ஈரானியப் பெயர்களைச் சூட்டியது; 'கத்தாய், உய்குர்' ஆண்டுமுறை இனி இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. விலங்கு ஆண்டுகளின் துருக்கியப் பெயர்கள் அரசுத் தாளில் அன்றோடு முடிந்தன. மே மாதம் வந்த சட்டம் பட்டங்களை ஒழித்தது. எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்றானது. காரணம் மொழிப்பற்று மட்டும் அல்ல. நிலக்கிழாரும் இனக்குழுத் தலைவரும் பட்டத்தோடு சேர்த்து அதிகாரத்தையும் வைத்திருந்தார்கள். அதைப் பிடுங்குவதுதான் நோக்கம்.

இரண்டாவது, படைத்துறை. 1924இல் போர் அமைச்சும் கல்வி அமைச்சும் சேர்ந்த ஆணையம் விமானத்துக்கு 'ஹவாபெய்மா', விமான நிலையத்துக்கு 'ஃபொரூத்காஹ்' என்று புதுச் சொற்கள் அமைத்தது. இவை புதுப் பொருள்களுக்கு. பழைய சொல்லைத் தூக்கிவிட்டுப் புதியது வைக்கும் வேகம் 1934இல் வந்தது. அந்தக் கோடையில் ரேசா ஷா துருக்கிக்குப் போனார். அங்கே 1932இல் அமைத்த மொழிக் கழகம் துருக்கியத்திலிருந்து அரபு, பாரசீகச் சொற்களைக் களைந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிய பின் தெஹ்ரானில் துருக்கிய, அரபுச் சொற்களைக் களையும் வேலை சூடுபிடித்தது. இரு பக்கமும் எல்லைக்கு அப்பால் உள்ள மொழியைக் குப்பை என்று கூட்டிக்கொண்டிருந்தன என்பதை அன்றே சிலர் கவனித்திருப்பார்கள்.

ஒவ்வொரு அமைச்சும் தனக்கென்று சொல் அமைக்கத் தொடங்கியதில் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொல் வந்து நின்றது. இதைக் கட்டுக்குள் கொண்டுவரத்தான் பிரதமர் முகமது அலி ஃபொரூகி 1935 மே மாதம் பாரசீக மொழிக் கழகத்தை, அதாவது 'ஃபர்ஹங்கெஸ்தான்' அமைப்பை நிறுவச் செய்து அதன் முதல் தலைவரானார். பலர் நினைப்பது போலக் கழகம் வேகத்தைக் கூட்ட வந்ததல்ல. பிரேக் போடவே வந்தது. பொதுமக்கள் நாவில் ஊறிய அயற்சொற்களைத் தொட வேண்டாம் என்ற நிதானம் ஃபொரூகியின் எழுத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் அவர் பதவி இழந்தார். 1938இல் ஷா கழகத்தையே கலைத்து மீண்டும் அமைத்தார். உறுப்பினர்கள் நிதானம் வேண்டினாலும் மேலிருந்து கேட்டது எண்ணிக்கை.

படைப் பதவிகள் இந்தக் காலத்தில் முழுக்க மாறின. சுல்தான் 'சர்வான்' ஆனார், மேஜர் நிலையில் இருந்த 'யாவர்' என்ற பதவி 'சர்கொர்த்' ஆனது. ரெஜிமென்டைக் குறித்த ஃபவ்ஜ் 'ஹங்' ஆனது. காவலர் 'கராவொல்' போய் 'நெகஹ்பான்', 'பாஸ்தார்' வந்தன. யூஸ்பாஷி, மின்பாஷிக்கு மாற்றே தேவைப்படவில்லை. அந்தப் பதவிகளே புதுப் படையில் இல்லை.

மூன்றாவது முடிவு இடப்பெயர்கள். வடமேற்கில் துருக்கியம், குர்து பேசும் பகுதிகளில் பெயர்ப்பலகைகள் மாறின. சாவொஜ்பொலாக் (குளிர் ஊற்று) 'மஹாபாத்' ஆனது. கராஜாதாக் 'அரஸ்பாரான்' ஆனது. ஜகாத்து ஆறு 'சர்ரீனே ரூத்', தத்தாவு ஆறு 'சிமீனே ரூத்'. தப்ரீஸ் பக்கம் ஓடும் ஆஜி சாய் என்றால் கசப்பாறு. அதற்குத் 'தல்கே ரூத்' என்று வைத்தார்கள், அதுவும் கசப்பாறுதான். உர்மியா 1926லேயே ஷாவின் பெயரால் 'ரெசாயியே' ஆகியிருந்தது. இதில் விந்தை, உர்மியா துருக்கியப் பெயரே அல்ல. துருக்கியர் வருமுன்னே இருந்த பெயர்.

என்ன நடந்தது

அடுத்த சில ஆண்டுகளில் படையும் செயலகமும் புதுச் சொற்களுக்கு மாறிவிட்டன. காரணம் எளிது. 1925 ஜூனில் வந்த கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தால் ஆண்டுதோறும் புதிதாக வந்த இளைஞனுக்குப் பதவிச் சொற்களைக் கற்றுக்கொடுத்தது படைதான். அவன் முதன்முதலில் கேட்ட சொல்லே 'சர்வான்' என்றால் பழையதை மறக்கும் தேவையே இல்லை. தாளில் தவறாக எழுதிய எழுத்தரின் கடிதம் திரும்பி வந்தது. மேலே ஒருவர் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

ஆனால் துப்பாக்கிப் பயிற்சியில் போல்ட்டை இழுக்கச் சொல்லும்போது யாரும் அகராதி பார்க்கவில்லை. பயிற்சி கொடுத்தவர் தனக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் கேட்ட சொல்லைச் சொன்னார். கலங்கெதன் கடிதத்தில் வரும் சொல் அல்ல, கையில் வரும் சொல். ஆணைக்கு அது தென்படவே இல்லை.

'தொமான்' இன்னும் கடினமான சோதனை. 1930 மார்ச்சில் வந்த சட்டம் ரியாலை அலகாக்கியது. கிரான் போய் ரியால் நாணயம் வந்தது. தொமான் எந்த நோட்டிலும் இல்லை. தொண்ணூறு ஆண்டுக்கு மேலாகியும் கடைக்காரர் விலை சொல்வது தொமானில்தான். நோட்டில் உள்ள எண்ணில் ஒரு சுழியைக் கழித்துவிட்டு. புதிதாகப் போகிறவர் பத்து மடங்கு ஏமாறும் இடம் அது. 2020 மே மாதம் நாடாளுமன்றம் தொமானையே அதிகாரப்பூர்வ நாணயமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அந்த வடிவில் அது நடைமுறைக்கு வரவில்லை. சட்டம் ஒழித்த சொல், சட்டத்தின் வாசலுக்கே திரும்பி வந்தது. நாணயம் அரசுடையது, விலை பேசுவது சந்தையுடையது என்று வைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

பட்ட ஒழிப்பின் முடிவுதான் யாரும் எண்ணாதது. கானும் மீர்சாவும் போன பின் ஒருவரை மரியாதையாக அழைக்க ஏதாவது வேண்டுமே. ஆணுக்கு 'ஆகா', பெண்ணுக்குக் 'கானொம்' என்று நாடு முழுக்கப் பரவியது. இரண்டும் துருக்கிய, மங்கோலிய வழி வந்தவை. முன்பு தகுதியுள்ளவருக்கு மட்டும் சொன்னவை இப்போது எல்லோருக்கும். பட்டங்களைத் துடைத்த சட்டமே இந்த இரண்டையும் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் எழுதிவிட்டது.

சட்டச் சொற்களில் 'காச்சாக்' பிழைத்தது. கடத்தலைக் குறிக்கும் அந்தச் சொல் 1934 மார்ச் மாதக் கடத்தல் தண்டனைச் சட்டத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. இன்றும் நீதிமன்றத்தில் அதுதான். ஆடு மேய்ப்பரை ஓரிடத்தில் குடியமர்த்திய அதே அரசு, அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் 'தக்தே காப்பூ'. 'தக்தே' பலகை, 'காப்பூ' துருக்கியத்தில் கதவு. கூடாரத்துக்குப் பதில் மரக்கதவு. துருக்கியச் சொல்லைக் களைந்துகொண்டே துருக்கியச் சொல்லால் ஆணையிட்டார்கள்.

'கஷீக்' (காவல் முறை) படையை விட்டுப் போனது, மருத்துவமனையில் தங்கிவிட்டது: இரவுப்பணி மருத்துவர் 'பெசெஷ்கே கஷீக்'. இதில் 'பெசெஷ்க்' கழகம் மீட்டெடுத்த பழைய பாரசீகச் சொல். கழகம் கொண்டுவந்ததும் படை துரத்தியதும் ஒரே தொடரில் கைகோத்து நிற்கின்றன. விலங்கு ஆண்டுகள் வேறு மாதிரி: பொருள் பிழைத்தது, பெயர் மாறியது. நவ்ரோஸ் வரும்போதெல்லாம் வரப்போவது பாம்பு ஆண்டா குதிரை ஆண்டா என்று பேசுகிறார்கள், பாரசீகச் சொற்களால்.

அடுப்படியில் எதுவும் அசையவில்லை. சில இடங்களில் இரு சொல்லும் வேலையைப் பிரித்துக்கொண்டு முன்பே சமாதானமாகிவிட்டன: மேசைக் கத்தி பாரசீகக் 'கார்த்', மடக்குக் கத்தி துருக்கியச் 'சாகூ'. இதில் தலையிட என்ன இருக்கிறது?

1941 செப்டம்பரில் ஷா பதவி விலகியதும் கழகத்தின் அதிகாரம் வற்றியது. அதற்குள் வேரூன்றியவை நின்றன. மற்றவை காகிதத்தோடு போயின. இடப்பெயர்களில் சில 1979க்குப் பின் திரும்பின: ரெசாயியே உர்மியாவானது, பஹ்லவிதெஷ் பழைய ஆக் கலா ஆனது. மஹாபாத் மாறவில்லை. ஆனால் தெஹ்ரானுக்கு மேற்கே அல்போர்ஸ் மாகாணத்தில் இன்னொரு சாவொஜ்பொலாக் மாவட்டம் அதே துருக்கியப் பெயரோடு இருக்கிறது. ஒரே சொல், எல்லைப்புறத்தில் இருந்தது கண்ணை உறுத்தியது, தலைநகர் அருகே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. தப்ரீஸ்காரர்களுக்கு அந்த ஆறு ஆஜி சாய்தான்.

ஒப்புநோக்க: காபூலும் புகாராவும்

தெஹ்ரான் கழகத்தின் கை எட்டாத இரண்டு இடங்களைப் பார்த்தால் அதன் வேலை எவ்வளவு, எவ்வளவு இல்லை என்பது தெரியும். ஆப்கானிஸ்தானில் தரி எனப்படும் பாரசீக வழக்கில், 2021 வரை இருந்த தேசியப் படைக்கு 'ஓர்தூயே மெல்லி' என்று பெயர். அதே 'ஓர்து' தெஹ்ரானில் மாணவர் முகாமுக்கும் விளையாட்டு வீரர்களின் பயிற்சி முகாமுக்கும் சுருங்கிவிட்டது.

இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாராவும் சமர்கந்தும் வேறு வகை. அங்கே பாரசீகத்தின் கிளையான தாஜிக்கும் துருக்கிய மொழியான உஸ்பெக்கும் ஒரே தெருவில், ஒரே வீட்டில் பேசப்பட்டன. பெண் கொண்டு பெண் கொடுத்தார்கள். அங்கே துருக்கியம் சொல்லோடு நிற்கவில்லை, வாக்கியத்துக்குள் புகுந்தது. தெஹ்ரான்காரர் 'தாரம் கெதாப் மீகூனம்' என்கிறார். தாஜிக்கில் 'மன் கிதோப் ஹோந்தா இஸ்தோதாஅம்': 'படித்து' என்ற எச்சத்தின் மேல் 'நின்றிருக்கிறேன்' என்ற துணைவினை. 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்ற நம் கட்டமைப்பை அறிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். 'நான் படித்த புத்தகம்' என்பதற்குத் தெஹ்ரானில் 'கெதாபீ கெ கூந்தம்' என்று புத்தகம் முன்னே வரும். புகாராப் பேச்சில் 'மன் ஹோந்தாகீ கிதோப்': எச்சம் முன்னே, பெயர் பின்னே, தமிழில் போலவே.

ஈரானில் துருக்கியம் மேலிருந்து வந்தது, பதவிப் பெயராக. புகாராவில் பக்கவாட்டில் வந்தது, அயல்வீட்டுப் பேச்சாக. முன்னதை ஆணையால் ஓரளவு துடைக்கலாம். பின்னதில் எதைத் துடைப்பது? பட்டியலில் எழுத அங்கே சொல்லே இல்லை.

மறுபடி செய்தால் மாற வேண்டியவை

சொல்லின் பிறப்பிடத்தைப் பார்த்துப் பட்டியல் போட்டதுதான் அடிப்படைப் பிழை. பட்டியல் போடுமுன் அந்தச் சொல் யார் வாயில், யார் ஆணையின் கீழ் வாழ்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். கொஷூன் மாறியதும் கலங்கெதன் மாறாததும் அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்திருக்கும். ஒரே அதிகாரத்தின் கீழ் எழுதப்படும் சொல் மாறும். கை வேலையோடு கற்கும் சொல், சந்தையில் பேரம் பேசும் சொல், சமையலில் புழங்கும் சொல் மாறாது. அவற்றுக்கு மாற்றுத் தேடிய நேரம் வீண்.

இரண்டாவது, சட்டச் சொல். காச்சாக் போன்று தண்டனையோடு கட்டிய சொல்லை மாற்றினால் பழைய வழக்குகளில் பொருள் குழப்பம் வரும். அதை விட்டுவைத்தது சரி. ஆனால் அந்த நிதானம் வெளியே சொன்ன கொள்கையாக இருக்கவில்லை. எனவே ஒரு அமைச்சு விட்டதை இன்னொரு அமைச்சு தொட்டது.

மூன்றாவது, துருக்கியமும் மங்கோலியமும் அரபும் கலந்து கிடந்ததைப் பிரிக்காமல் அயற்சொல் என்று ஒரே மூட்டையாகக் கட்டியது. உர்மியா அதற்குச் சாட்சி. மேலே சொன்ன நான்கு படிச் சோதனையை ஒரு சொல்லுக்குச் செய்ய, நூல்கள் கையில் இருந்தால், ஒரு பிற்பகல் போதும்.

இடப்பெயர்களைத் தொட்டிருக்கவே கூடாது. பதவிப் பெயர் மாறினால் சம்பளப் பட்டியல் மாறும். ஊர்ப் பெயர் மாறினால் பத்திரம், நீர்ப்பங்கீடு, வழிவழியாக வந்த எல்லைக் குறிப்பு எல்லாம் இரண்டாகும். இன்று வடமேற்கு ஈரானின் பழைய ஆவணங்களோடு வேலை செய்கிறவர் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஊருக்கும் இரண்டு பத்தி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: 1935க்கு முன், 1935க்குப் பின். சில ஊர்களுக்கு 1979க்குப் பின் என்று மூன்றாவது பத்தியும் தேவைப்படும்.

கழகம் வெளியிட்ட சொற்பட்டியல்கள் புதிய சொல்லையும் அது எதற்குப் பதில் என்பதையும் தருகின்றன. படைப் பட்டறையில், மருந்துக்கடையில், மேய்ச்சல் நிலத்தில் அந்தப் பழைய சொல்லை எந்தப் பொருளில் சொன்னார்கள் என்ற குறிப்பும் கூடவே இருந்திருந்தால், யாரும் மாற்றத் துணியாத யக்லவி போன்ற சொற்களும் அன்றைய தாளிலேயே பதிவாகியிருக்கும். இப்போது அவற்றைப் படைச்சேவை முடித்தவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.